ஐரீன், கிரேக்க இளவரசி

ஐரீன் (பிறப்பு: 1942 மே 11, கேப் டவுன்) கிரேக்க நாட்டை ஆண்ட கடைசி அரச குடும்பத்தின் இளவரசி. மன்னர் பாலுக்கும் அரசி ஃபிரெடெரிகாவுக்கும் பிறந்த மூன்று மக்களில் இளையவர். கிரேக்கத்தின் கடைசி மன்னரான இரண்டாம் கான்ஸ்டன்டைன் இவருடைய அண்ணன். ஸ்பெயின் அரசியாக விளங்கிய சோஃபியா இவருடைய அக்கா. பியானோ கலைஞர், தொல்லியல் ஆர்வலர், அறக்கட்டளை நிறுவியவர் என்று ஐரோப்பா இவரை அறியும். தமிழ்நாட்டுக்கு இவர் வேறு வகையில் அறிமுகமானவர். நாடிழந்த பின் தாயோடு சென்னைக்கு வந்து, மெய்யியலும் சமய ஒப்பாய்வும் பயின்றவர் இவர். பிறக்கும்போதே குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தது. வளர்ந்த பிறகு மீண்டும் வெளியேற நேர்ந்தது. அந்த இரண்டாம் வெளியேற்றத்தின் ஒரு பகுதி சென்னையில் கழிந்தது.

பெயரும் பட்டமும்

'எய்ரீனி' என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சமாதானம் என்று பொருள். உலகப் போரின் நடுவில், பெற்றோர் வேற்று நாட்டில் தங்கியிருந்தபோது பிறந்த குழந்தைக்கு இப்பெயர் அமைந்தது.

இவருடைய முழுப் பட்டம் 'கிரேக்கம், டென்மார்க் நாடுகளின் இளவரசி' என்பது. கிரேக்க அரச குடும்பம் டென்மார்க்கின் அரச குடும்பத்திலிருந்து பிரிந்த கிளை என்பதால் பட்டத்தில் இரு நாடுகளும் நின்றன. டென்மார்க் அரசு என்றால் தமிழருக்குத் தரங்கம்பாடி நினைவுக்கு வரும். தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் அந்தக் கடற்கரை டேனியர் கைக்கு வந்தது. 1845இல் அவர்கள் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஐரீனின் முன்னோரான குளூக்ஸ்பர்க் மரபினர் டென்மார்க் அரியணை ஏறியது அதற்குப் பிறகு, 1863இல்தான்.

தந்தை வழி

உதுமானியப் பேரரசின் கீழ் இருந்த கிரேக்கர் 1821இல் விடுதலைப் போரைத் தொடங்கினர். விடுதலை கிடைத்த பின், புதிய நாட்டுக்கு அரசரை ஐரோப்பிய வல்லரசுகள் வெளியிலிருந்து கொண்டுவந்தன. முதலில் வந்தவர் பவேரியாவின் ஆட்டோ. 1862இல் கிரேக்கர் அவரை நீக்கினர். அடுத்து டென்மார்க் இளவரசர் வில்லியம் தேர்ந்தெடுக்கப்பட்டு, முதலாம் ஜார்ஜ் என்ற பெயரில் 1863 மார்ச்சில் மன்னரானார். அப்போது அவருக்கு வயது 17. அவருடைய தந்தை ஒன்பதாம் கிறிஸ்தியான் டென்மார்க் மன்னரானது அதே ஆண்டு நவம்பரில். தந்தைக்கு முன்னே மகன் முடிசூடிய குடும்பம் இது.

முதலாம் ஜார்ஜ் ரஷ்ய அரச குடும்பத்து ஓல்காவை மணந்தார். அரை நூற்றாண்டு ஆட்சி நிறைவுறும் தறுவாயில், 1913 மார்ச் 18 அன்று தெசலோனிக்கி நகர வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த எவருக்கும் அரியணை நிலையாக இருக்கவில்லை. மகன் முதலாம் கான்ஸ்டன்டைன் 1917இலும் 1922இலும் இரண்டு முறை ஆட்சியை விட்டிறங்கி, 1923இல் இத்தாலியில் இறந்தார். இடையில் மன்னராக இருந்த பேரன் அலெக்சாந்தர், குரங்கு கடித்த புண் புரையோடி 1920இல் மாண்டார். மற்றொரு பேரன் இரண்டாம் ஜார்ஜ் 1922இல் அரியணை ஏறினார். 1924இல் நாடு குடியரசானது. 1935இல் முடியாட்சி திரும்பியது.

முதலாம் கான்ஸ்டன்டைனின் இளைய மகன் பால் (1901–1964) ஐரீனின் தந்தை. குடியரசுக் காலத்தில் இவர் இங்கிலாந்தில் வேறு பெயர் வைத்துக்கொண்டு விமானத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத்தின் கணவர் பிலிப், பாலின் சிற்றப்பா மகன். ஆக, பிலிப் ஐரீனுக்குச் சித்தப்பா முறை.

தாய் வழி

ஃபிரெடெரிகா (1917–1981) ஜெர்மானிய ஹனோவர் மரபைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை எர்னஸ்ட் அகஸ்டஸ், பிரன்ஸ்விக் சிற்றரசின் கோமகன். தாய் விக்டோரியா லூயிஸ், ஜெர்மானியப் பேரரசர் (கைசர்) இரண்டாம் வில்லியமின் ஒரே மகள். முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றபோது, 1918 நவம்பரில் கைசரும் முடியிழந்தார், பிரன்ஸ்விக் கோமகனும் முடியிழந்தார். அப்போது ஃபிரெடெரிகாவுக்கு ஒரு வயது. முடி போன வீட்டில்தான் ஐரீனின் தாயும் வளர்ந்தார்.

பாலின் தாய் சோஃபியா, கைசரின் தங்கை. தமிழ் உறவுமுறையில் சொன்னால், பால் 1938 ஜனவரி 9 அன்று ஏதென்சில் மணந்தது தம் தாய்மாமன் மகளின் மகளை. கைசருக்கும் சோஃபியாவுக்கும் தாய், பிரிட்டன் அரசி விக்டோரியாவின் மூத்த மகள். எனவே தந்தை வழியிலும் தாய் வழியிலும் ஐரீன் விக்டோரியாவின் வம்சத்தவர். 1877 ஜனவரி 1 அன்று டெல்லி தர்பாரில் இந்தியப் பேரரசி என்று அறிவிக்கப்பட்ட அதே விக்டோரியாதான்.

சென்னைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் இன்னொரு பழைய கணக்கு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தருகே நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்திய எம்டன் கப்பல், கைசரின் கடற்படையைச் சேர்ந்தது. ஊரே பயந்து வெளியேறியது. 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லும் வழக்கும் அதிலிருந்து தமிழில் தங்கிவிட்டது. அந்தக் கைசர் ஐரீனின் கொள்ளுத்தாத்தா.

பிறப்பும் போர்க்காலமும்

1940 அக்டோபர் 28 அன்று இத்தாலி கிரேக்கத்தின்மேல் படையெடுத்தது. கிரேக்கப் படை அதை அல்பேனிய மலைகளுக்குள் விரட்டியடித்தது. 1941 ஏப்ரலில் ஜெர்மனி தாக்கியபோது நாடு வீழ்ந்தது. ஃபிரெடெரிகா பிறந்த நாடு, புகுந்த நாட்டைப் பிடித்துக்கொண்டது. அரச குடும்பம் கிரீட் தீவுக்கும், அங்கிருந்து எகிப்துக்கும் தப்பியது. அப்போது சோஃபியாவுக்கு இரண்டரை வயது, கான்ஸ்டன்டைனுக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. எகிப்தும் போர்முனையாகவே, ஃபிரெடெரிகா குழந்தைகளோடு தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே கேப் டவுனில் ஐரீன் பிறந்தார்.

குழந்தைக்கு ஞானத் தந்தையாக நின்றவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் யான் ஸ்மட்ஸ். இந்தப் பெயர் தமிழருக்குப் புதிதன்று. அங்கே காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்தை எதிர்கொண்ட அமைச்சர் இவரே. அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, 1914இல் உயிர்நீத்த வள்ளியம்மையின் பெற்றோர் ஊரான தில்லையாடி, தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிறையில் தாம் தைத்த செருப்பைக் காந்தி ஸ்மட்ஸுக்குக் கொடுத்ததும், பல ஆண்டுகள் கழித்து ஸ்மட்ஸ் அதை மரியாதையோடு திருப்பி அனுப்பியதும் பலர் அறிந்தவை. அரசியலுக்கு அப்பால் ஸ்மட்ஸ் மெய்யியல் சிந்தனையாளரும்கூட. உலகைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் முழுமையாகப் பார்க்க வேண்டும் என்ற கருத்தை வைத்து 1926இல் நூல் எழுதியவர். அவருடன் ஏற்பட்ட பழக்கம் ஃபிரெடெரிகாவின் சிந்தனைப் போக்கில் ஆழமாகப் பதிந்தது. பின்னாளில் தாயும் மகளும் சென்னைக்கு வந்த வழியை இங்கிருந்தே தொடங்கிப் பார்ப்பது பொருந்தும்.

போர் முடிந்து, 1946 செப்டம்பர் 1 அன்று நடந்த வாக்கெடுப்பில் முடியாட்சி தொடர மக்கள் இசைந்த பிறகே குடும்பம் ஏதென்ஸ் திரும்பியது. நான்கு வயது ஐரீன் தன் நாட்டை முதன்முறையாகப் பார்த்தது அப்போதுதான்.

டாட்டோயில் இளமை

1947 ஏப்ரல் 1 அன்று இரண்டாம் ஜார்ஜ் இறந்தார். தம்பி பால் மன்னரானார். நாட்டில் அப்போது அரசுப் படைக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது; 1949 வரை நீடித்தது. போரால் வீடிழந்த குழந்தைகளுக்கென்று ஃபிரெடெரிகா நிதி திரட்டி, குழந்தைகள் இல்லங்களை நாடெங்கும் அமைத்தார். ஆதரவாளர்கள் அதைத் தாய்மைப் பணி என்றனர். எதிர்த்தரப்பினர் பிள்ளைகளை அரசியல் நோக்கோடு பெற்றோரிடமிருந்து பிரித்தார் என்று குற்றம்சாட்டினர். அந்தச் சர்ச்சை இன்றும் ஓயவில்லை.

ஐரீனின் இளமை பெரும்பாலும் ஏதென்சுக்கு வடக்கே காடு சூழ்ந்த டாட்டோய் அரண்மனையில் கழிந்தது. கோடையில் கார்ஃபூ தீவின் மான் ரெப்போ மாளிகை. பிலிப் பிறந்ததும் இந்த மாளிகையில்தான். 1954இல் ஃபிரெடெரிகா ஐரோப்பிய அரச குடும்பத்தினர் பலரை 'அகமெம்னோன்' என்ற கப்பலில் ஏற்றிக் கிரேக்கத் தீவுகளைச் சுற்றிக் காட்டினார். போருக்குப் பின் சிதறிக் கிடந்த உறவுகளை ஒன்றுசேர்க்கவும், கிரேக்கத்துக்குச் சுற்றுலாப் பயணிகளை வரவழைக்கவும் அந்தப் பயணம் உதவியது.

அகழாய்வு

டாட்டோய் தோட்டத்தின் அடியில் பழைய தெக்கேலியா நகரம் புதைந்திருந்தது. ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த போரில், கி.மு. 413இல் ஸ்பார்ட்டா படை வந்து அமர்ந்து ஏதென்சை நெருக்கிய இடம் அது. தியோஃபானோ அர்வானிதோபூலு என்ற தொல்லியல் அறிஞரின் வழிகாட்டலில் சோஃபியாவும் ஐரீனும் அங்கே அகழ்ந்தனர். கிடைத்த பானை ஓடுகளைக் கழுவி, வகைப்படுத்தி, வரைந்து, இருவரும் சேர்ந்து இரண்டு நூல்கள் வெளியிட்டனர். தெக்கேலியாவின் மட்கலங்கள் பற்றிய முதல் நூல் 1959இலும், தொல்லியல் குறிப்புகளின் தொகுப்பான இரண்டாம் நூல் 1960இலும் வந்தன. முதல் நூல் வந்தபோது ஐரீனுக்கு வயது 17. இளவரசியர் பெயரில் பிறர் எழுதிக் கொடுக்கும் அலங்கார நூல்கள் உண்டு. இவை அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. மண்ணில் இறங்கிச் செய்த வேலையின் பயன்.

இசை

பியானோதான் ஐரீனின் முதன்மையான பயிற்சி. ஏதென்சில் பிறந்து உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஜீனா பஹாவர் (1913–1976) இவருக்கு ஆசிரியர். இந்தப் பாடம் அரண்மனைப் பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. நாடு நீங்கிய பின் இவர் மேடைக் கலைஞராகக் கச்சேரிகளில் வாசித்தார். பட்டம் இல்லாமல் பெயரும் உழைப்பும் மட்டும் வைத்து நிற்கக்கூடிய தொழில் ஒன்று இவர் கையில் இருந்தது.

பதினாறு மாத முடியுரிமை

1962 மே 14 அன்று சோஃபியா ஸ்பெயின் அரச குடும்பத்து ஹுவான் கார்லோஸை ஏதென்சில் மணந்தார். ஸ்பெயினில் அப்போது ஃபிராங்கோவின் சர்வாதிகாரம். மாப்பிள்ளையின் குடும்பமும் நாட்டுக்கு வெளியேதான் இருந்தது. மணத்தோடு சோஃபியா கிரேக்க முடியின்மேல் தமக்கிருந்த உரிமையைத் துறந்தார்.

1964 மார்ச் 6 அன்று மன்னர் பால் இறந்தார். 23 வயது கான்ஸ்டன்டைன் மன்னரானார். அவருக்கு அப்போது மணமாகவில்லை. ஆண் வாரிசு இல்லாதபோது பெண்ணும் அரியணை ஏறலாம் என்பது அன்றைய கிரேக்க அரசியலமைப்பின் விதி. அதன்படி 21 வயது ஐரீன் அடுத்த முடியுரிமையாளர் ஆனார். மன்னருக்குக் குழந்தை பிறக்கும்வரை மட்டுமே செல்லும் உரிமை இது. கான்ஸ்டன்டைன் 1964 செப்டம்பரில் டென்மார்க் இளவரசி ஆன் மேரியை மணந்தார். 1965 ஜூலை 10 அன்று அவர்களுடைய மூத்த மகள் அலெக்சியா பிறந்தாள். முடியுரிமை அந்தக் குழந்தைக்குப் போனது. ஐரீன் அரியணைக்கு மிக அருகில் இருந்தது இந்தப் பதினாறு மாதங்கள்.

இரண்டாம் வெளியேற்றம்

அலெக்சியா பிறந்த அதே மாதம் கிரேக்க அரசியல் கொதித்தது. இளம் மன்னருக்கும் பிரதமர் ஜார்ஜ் பப்பாந்திரேயுவுக்கும் மோதல் முற்றி, பிரதமர் பதவி விலகினார். அரசியல் முடிவுகளில் தாயரசி ஃபிரெடெரிகாவின் கை இருக்கிறது என்று எதிர்க்கட்சியினர் வெளிப்படையாகவே சாடினர். ஆட்சிகள் அடுத்தடுத்து கவிழ்ந்தன.

1967 ஏப்ரல் 21 அன்று இராணுவ அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கைப்பற்றினர். டிசம்பர் 13 அன்று மன்னர் அவர்களுக்கு எதிராக ஒரு புரட்சிக்கு முயன்றார். வடக்கே கவாலா நகரிலிருந்து படைகளைத் திரட்ட நினைத்த திட்டம் ஒரே நாளில் குலைந்தது. மறுநாள் காலை அரச குடும்பம் விமானத்தில் ரோம் போய் இறங்கியது. தாயும் ஐரீனும் உடன் சென்றனர்.

1973 ஜூன் 1 அன்று இராணுவ ஆட்சி முடியாட்சியை நீக்கியது. மக்களாட்சி மீண்ட பிறகு, 1974 டிசம்பர் 8 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் முடியாட்சி வேண்டாம் என்று வாக்களித்தனர். 1863இல் 17 வயதுச் சிறுவனோடு தொடங்கிய ஆட்சி மரபு அத்துடன் முடிந்தது.

சென்னையில்

இந்தியச் சமய சிந்தனையின்மேல் இந்தக் குடும்பத்துக்கு ஏற்பட்ட நாட்டம் வெளியேற்றத்துக்கு முந்தியது. பிலிப்பின் தாய் ஆலிஸ், துறவாடை உடுத்து ஏதென்சில் வாழ்ந்தவர், 1960இல் ராஜகுமாரி அம்ரித் கௌரின் அழைப்பில் இந்தியா வந்தார். ஃபிரெடெரிகாவோ வேறு வழியில் வந்தார். அணு இயற்பியலில் அவருக்கு ஈடுபாடு இருந்தது. பொருள் என்று நாம் கருதுவது உண்மையில் என்ன, பார்ப்பவருக்கும் பார்க்கப்படுவதற்கும் உள்ள உறவு என்ன என்று கேட்டுக்கொண்டே போனவர், அதே கேள்விகளை அத்வைதம் வேறு மொழியில் கேட்டிருப்பதைக் கண்டார்.

1966இன் இறுதியில், காஞ்சி சங்கராசாரியர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி (1894–1994) காளஹஸ்தியில் முகாமிட்டிருந்தபோது ஃபிரெடெரிகாவும் ஐரீனும் அவரைச் சந்தித்தனர். அப்போது மகனும் அண்ணனுமான கான்ஸ்டன்டைன் அரியணையில் இருந்தார். அவர்கள் நாடிழந்து ஆறுதல் தேடி வேதாந்தத்துக்கு வந்ததாகச் சொல்வது, எனவே, காலவரிசைக்கே பொருந்தாது.

வெளியேற்றத்துக்குப் பின் இருவரும் சென்னையில் பல ஆண்டுகள் வாழ்ந்தனர். ஃபிரெடெரிகா பாடம் கேட்டது டி.எம்.பி. மகாதேவனிடம் (1911–1983). கௌடபாதரைப் பற்றிய ஆய்வால் அறிஞர் உலகில் பெயர் பெற்றவர் இவர். சங்கரருக்கு முந்திய அத்வைத ஆசிரியரான கௌடபாதர், விழிப்பு, கனவு, உறக்கம் ஆகிய மூன்று நிலைகளையும் தாண்டிய நான்காம் நிலையைப் பற்றி மாண்டூக்கிய காரிகையில் பேசியவர். ரமண மகரிஷியைப் பற்றியும் காஞ்சிப் பெரியவரைப் பற்றியும் மகாதேவன் ஆங்கிலத்தில் எழுதிய நூல்கள் வெளிநாட்டவருக்கு அவ்விருவரையும் அறிமுகம் செய்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1964இல் அமைந்த மெய்யியல் உயர் ஆய்வு மையத்துக்கு அவரே முதல் இயக்குநர். மேற்கத்திய மெய்யியலை நன்கறிந்து, சங்கர பாஷ்யத்தை வரி வரியாகச் சொல்லிக் கொடுக்கக் கூடிய ஆசிரியர் கிரேக்கத்திலிருந்து வந்த மாணவிக்கு வாய்த்தது, அந்த மையம் சேப்பாக்கத்தில் இருந்ததால்தான்.

ஐரீனும் இந்த ஆண்டுகளில் மெய்யியலும் சமய ஒப்பாய்வும் பயின்றார். வேதாந்தப் படிப்புக்குக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல் என்று மூன்று படிகள். முதல் படி ஆசிரியரின் முன் உட்கார்ந்து கேட்பது. அதில் பட்டத்துக்கும் குலத்துக்கும் சலுகை இல்லை. வழிவழியாகப் பட்டத்தால் அறியப்பட்ட குடும்பத்திலிருந்து வந்த ஒருவர், 'நான் யார்' என்ற கேள்வியை மையமாகக் கொண்ட படிப்பைத் தேர்ந்தது கவனிக்கத்தக்கது. ஃபிரெடெரிகா 1971இல் தம் வாழ்க்கை நினைவுகளை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அரச வாழ்வோடு தம் ஆன்மிகத் தேடலையும் அதில் பதிவு செய்தார்.

கிரேக்கத்திலிருந்து தமிழகம் வந்தவர் என்றதும் யவனர் நினைவுக்கு வரலாம். சங்க நூல்களில் வரும் யவனர் கப்பலேறி வந்து பொன்னைக் கொடுத்து மிளகு வாங்கிப் போனவர்கள். கிரேக்க மொழி பேசிய அந்த வணிகர்களோடு ஐரீனுக்குக் குருதி உறவு ஏதுமில்லை. இவருடைய முன்னோர் டேனியர், ஜெர்மானியர், ரஷ்யர். மொழியாலும் வளர்ப்பாலும்தான் இவர் கிரேக்கர்.

அடைக்கலம்: ஒரு திண்டுக்கல் முன்னுதாரணம்

நாடிழந்த அரசியும் இளவரசியுமாகத் தாயும் மகளும் வேற்றுச் சீமையில் தங்கிய கதை தமிழகத்துக்கு இதற்கு முன்பே தெரியும். 1772 ஜூனில் ஆர்க்காட்டு நவாபுக்காக வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை காளையார்கோவிலைத் தாக்கியபோது சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அரசி வேலுநாச்சியார் சிறுமியான மகள் வெள்ளச்சி நாச்சியாரோடு திண்டுக்கல் சீமைக்கு வந்து, விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். பழனி மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த கன்னிவாடி, விருப்பாச்சி முதலான பாளையங்கள் அக்காலத்தில் மைசூரின் செல்வாக்குக்கு உட்பட்டிருந்தன. பிரதானி தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரர்களும் உடன் இருக்க, திண்டுக்கல்லில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் உதவியைப் பெற்று, எட்டாண்டு கழித்து 1780இல் சிவகங்கையை மீட்டார் வேலுநாச்சியார்.

இரு கதைகளுக்கும் வேறுபாடு பெரிது. விருப்பாச்சியில் இருந்தவர்கள் திரும்பிப் போகப் படை திரட்டினார்கள். சென்னையில் இருந்தவர்கள் படை திரட்டவில்லை. சிவகங்கை அரசியை நீக்கியது அந்நியப் படை. மக்கள் அவரோடு நின்றார்கள். கிரேக்க அரச குடும்பத்தை நீக்கியதில் முதல் அடி இராணுவத்துடையது என்றாலும், கடைசித் தீர்ப்பு மக்கள் வாக்குச்சீட்டில் எழுதியது. திரும்புவதற்கு ஓர் அரியணை அங்கே மிஞ்சியிருக்கவில்லை.

மாட்ரிட்

1975 நவம்பரில் ஃபிராங்கோ இறந்தபின் ஹுவான் கார்லோஸ் ஸ்பெயின் மன்னரானார். சோஃபியா அரசியானார். 1981 பிப்ரவரி 6 அன்று மாட்ரிடில் அறுவை சிகிச்சையின்போது ஃபிரெடெரிகா காலமானார். அவரை டாட்டோயில் கணவருக்கு அருகே அடக்கம் செய்யக் கிரேக்க அரசு இசைந்தது. ஆனால் சடங்கு முடிந்ததும் குடும்பத்தினர் சில மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்பது நிபந்தனை. தாம் வளர்ந்த தோட்டத்தில் தாயைப் புதைத்துவிட்டு விருந்தாளியைப் போல் வெளியேற வேண்டியிருந்தது.

தாய் மறைந்த பின் ஐரீன் மாட்ரிடில் அக்காவோடு சர்சுவேலா அரண்மனையில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அக்காவின் பிள்ளைகள் இவரைச் செல்லமாக 'விசித்திரச் சித்தி' என்ற பொருள்படும் பட்டப்பெயரால் அழைத்தனர். சைவ உணவு, எளிய உடை, கீழைச் சமயங்களின்மேல் ஈடுபாடு ஆகியவை ஐரோப்பிய அரண்மனை வழக்கத்துக்குப் புறம்பாகத் தெரிந்தன. சென்னையில் பார்த்தவர்களுக்கு அவை விசித்திரமாகத் தோன்றியிருக்காது.

அறப்பணி

1986இல் 'இணக்கமான உலகம்' என்ற பொருள் தரும் ஸ்பானியப் பெயருடன் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். இசைக்கும் துன்புற்றோர் உதவிக்கும் அது பாலமாக இருந்தது. அதன் முயற்சிகளில் மிகவும் பேசப்பட்டது மாடுகளை அனுப்பிய செயல். ஐரோப்பியச் சந்தையில் அப்போது பால் மிகுந்து விலை சரிந்தது. உற்பத்தியைக் குறைக்கக் கறவை மாடுகளை வெட்ட ஐரோப்பியச் சமூகம் ஊக்கத்தொகை கொடுத்தது. வெட்டப்பட இருந்த மாடுகளில் ஒரு பகுதியையாவது இந்தியாவுக்கு அனுப்பலாமே என்று முனைந்து, அனுப்பியும் காட்டினார் ஐரீன். ஐரோப்பியப் பத்திரிகைகள் இதை இளவரசியின் வேடிக்கைகளில் ஒன்றாக எழுதின. கறவை மாடு ஒரு குடும்பத்துக்கு என்ன கொடுக்கும் என்பதை இந்தியாவில் வாழ்ந்து அறிந்தவருக்கு அது சாதாரணக் கணக்கு.

சொத்து வழக்கு

1994இல் கிரேக்க நாடாளுமன்றம் முன்னாள் அரச குடும்பத்தின் சொத்துகளை எடுத்துக்கொள்ளவும் அவர்களுடைய குடியுரிமைக்குக் கட்டுப்பாடு விதிக்கவும் சட்டம் இயற்றியது. கான்ஸ்டன்டைனும் ஐரீனும் அத்தை கேத்தரினும் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை அணுகினர். இழப்பீடு கொடுக்காமல் சொத்தை எடுத்தது தவறு என்று நீதிமன்றம் 2000 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2002இல் தொகையும் முடிவானது: கான்ஸ்டன்டைனுக்கு 1 கோடியே 20 லட்சம் யூரோ, ஐரீனுக்கு 9 லட்சம், கேத்தரினுக்கு 3 லட்சம். கோரிய தொகையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. நிலமும் மாளிகைகளும் கிரேக்க அரசிடமே நின்றன.

மதிப்பீடு

கிரேக்க வரலாற்று நூல்களில் ஐரீனுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஒரு வரி: 1964இலிருந்து 1965 வரை முடியுரிமையாளர். தாயைப் போல அரசியல் சர்ச்சையில் இவர் பெயர் அடிபடவில்லை. அக்காவைப் போல அரியணையில் அமரவும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரிக்கு வெளியே செய்தவை அனைத்தும் அவர் கற்றவை. பானை ஓட்டை வகைப்படுத்தியது, பியானோ வாசித்தது, வேதாந்தம் படித்தது ஆகிய மூன்றிலும் ஆசிரியர் ஒருவரிடம் முறையாகப் பாடம் கேட்டிருக்கிறார்.

விக்டோரியாவின் பெயரால் இந்தியாவை ஆண்டார்கள். கைசரின் பெயரால் சென்னைமேல் குண்டு வீசினார்கள். அந்த இருவர் வழியிலும் வந்த ஐரீன், சென்னையில் தங்கியது மாணவியாக. கிரேக்க மண்ணில் பிறக்க வாய்க்காமல் கேப் டவுனில் பிறந்த அவருக்கு 2018இல் ஸ்பெயின் அரசு குடியுரிமை வழங்கியது.